மாப்பிள்ளையின் நான்காவது திருத்தம்

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொள்வார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். "நான் டிரைவர்களை உருவாக்கறேன். இவ டிரைவர்கள்ல குத்தம் கண்டுபிடிக்கறா" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. சிலர் நம்பிவிடுவார்கள். மாடி வீட்டுத் தையல்காரர் ஒருமுறை படியிறங்கி வந்து, தன் அண்ணன் மகனுக்கு லைசென்ஸ் கிடைக்க மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவள் பார்க்கிற டிரைவர் வேறு ஜாதி. எந்தக் கருவியை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு நினைவுச் சிப் இருக்கும். கருவி கண்விழித்ததும் நான் யார், என்ன செய்யவேண்டும் என்று முதலில் கேட்பது அதனிடம்தான். அந்தச் சிப்போடு சில மெல்லிய கம்பிகள் வழியாக, ஒரு எழுத்துக்குப் பின் ஒரு எழுத்தாகப் பேசுவதற்கென்றே ஒரு கன்ட்ரோலர் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி கன்ட்ரோலரின் குணம் மாறும். கருவியை நடத்தும் இயங்குதளத்துக்கு இத்தனை பேரின் குணமும் தெரியாதல்லவா? அதனால் நடுவில் நின்று இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் எடுத்துச் சொல்ல ஒரு நிரல் எழுதுவார்கள். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர்.

அவள் வேலை செய்யும் இயங்குதளம் ஊருக்கெல்லாம் பொது. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் இந்த இடத்தை இப்படி மாற்றலாம் என்று எழுதி பொது மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பலாம். அவளைப் போன்றவர்கள் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்து, எங்கே தப்பு என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வார்கள். தப்பில்லை என்றால், "பார்த்தேன், சரி" என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போடுவார்கள். அந்தப் பெயர் அந்த மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை கிடக்கும். பத்து வருஷம் கழித்து ஏதாவது உடைந்தால் தேடிக்கொண்டு வருவது அந்தப் பெயரைத்தான்.

குழுவில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. ஒரு சிப் கம்பெனி இதற்கென்றே சம்பளம் கொடுத்து அவளை வைத்திருந்தது. ஆபீஸ் என்பது அடுப்படியை ஒட்டிய சாமான் அறை. சுவரில் ஆணி அடித்து, சர்க்யூட் போர்டுகளைச் சாவிக்கொத்து மாதிரி வரிசையாக மாட்டியிருப்பாள். எந்தக் கன்ட்ரோலருக்கு மாற்றம் வந்தாலும் அதற்குரிய போர்டை ஆணியிலிருந்து எடுத்து, அதில் ஓட்டிப் பார்க்காமல் பெயரைப் போடமாட்டாள்.

இப்படி நேராகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தவர் மாப்பிள்ளைதான்.

மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. தங்கமான பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டார். கல்யாணம் ஆன புதிதில் அவர் பார்த்த வேலைக்கும் இவள் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு, கடைகளில் பில் போடும் கருவி செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். சேர்த்துக்கொண்டது தற்காலிகமாக. அவர்களுடைய கருவியில் புதிதாக ஒரு கன்ட்ரோலர். அதற்கு டிரைவர் எழுதி, பொது இயங்குதளத்தின் இந்தச் சுற்று வெளியீட்டிலேயே சேர்த்துக் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். சேராவிட்டால், தொலைதூர ஊரில் இருக்கும் கிளையில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே போய்விடலாம். ஒரு இரவும் ஒரு பகலும் ரயிலில் போகவேண்டிய ஊர். மகள் வயிற்றில் பிள்ளையோடு இப்போது இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். வேண்டும் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அப்படிப்பட்ட டிரைவர் யார் பார்வைக்கு வரும்? மாமியார் பார்வைக்குத்தான்.

முதல் நாளே அவள் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். இதைப் பற்றிய பேச்செல்லாம் குழுவில் மட்டும். சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை கூடாது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். மகள் உதட்டைப் பிதுக்கினாள். கணவர், இந்த வீட்டில் இனி எதைப் பற்றித்தான் பேசலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடும்படி கேட்டார்.

குழுவில் ஒவ்வொரு முறை அனுப்புவதையும் திருத்தம் என்பார்கள். முதல் திருத்தத்தில் அவள் கண்டுபிடித்த குற்றங்களை எண்ணி முடியாது. குழுவில் அவர்கள் யாரோ எவரோ மாதிரி எழுதிக்கொண்டார்கள். "இந்த வரி எதற்கு என்று விளங்கவில்லை" என்று அவள் எழுதுவாள். "தாங்கள் சொல்வது சரி, அடுத்த திருத்தத்தில் நீக்கிவிடுகிறேன்" என்று அவர் எழுதுவார். அன்று மாலையே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாப்பிள்ளை, போதும் அத்தை என்று உபசாரம் செய்துகொள்வார்கள். பொதுவாக உலகத்தில் மாப்பிள்ளைகள்தான் முறுக்கிக்கொள்வார்கள், மாமியார்கள் நயந்து போவார்கள். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று கணவருக்கு ஒரே வேடிக்கை.

இரண்டாவது திருத்தமும் திரும்பிப் போனது. மூன்றாவதில், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத நிலையிலும் அவள் விடவில்லை. சிப்புக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் நான்கு கம்பிகள் இருக்கின்றனவே, ஏன் ஒற்றைக் கம்பியிலேயே படித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான்கிலும் படித்தால் வேகம் கூடுமே என்று எழுதினாள். நியாயமான கேள்விதான். ஆனால் வேறு யாராவது எழுதியிருந்தால், அதை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். சொந்தக்காரன் என்று சலுகை காட்டினாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, சாதாரணமாக இருக்கவேண்டியதைவிட ஒரு பிடி அதிகமாகவே இறுக்கிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது.

குழுவில் வந்த மாற்றங்களையெல்லாம் சேர்த்துக் கட்டி மேலே அனுப்புகிறவரை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். அவரே ஒருநாள், அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன கெடுதல் செய்தான் என்று அவளைக் கேட்டு எழுதினார்.

நான்காவது திருத்தம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு கம்பியிலும் படிக்கும்படி மாற்றியிருந்தார். கம்பெனியிலிருந்து ஒரு புத்தம்புதிய போர்டையும் சில நாள் முன்பே அவளுக்கு அனுப்பிவைத்திருந்தார். சனிக்கிழமை காலை அவள் வரிவரியாகப் படித்தாள். எழுத்து சுத்தமாக இருந்தது. மூன்று திருத்தத்தில் பிள்ளை எவ்வளவு தேறிவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. போர்டை எடுத்து, சிப்பில் இருப்பது முழுவதையும் நான்கு கம்பியில் ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள். இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. வேகமும் அபாரம். மாப்பிள்ளையும் அப்படித்தான் சோதித்ததாக எழுதியிருந்தார்.

"பார்த்தேன், சரி" என்று எழுதிப் பெயரைப் போட்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேஸ்திரி, எடுத்துக்கொண்டேன், திங்கள்கிழமை மேலே போகிறது என்று பதில் போட்டார். மகள் போன் செய்து ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். சட்டம் சட்டம்தானே, அதனால் இவளும் ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். நாளைக்கு இரண்டு பேரும் இங்கே சாப்பிட வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி தோன்றியது. போர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுப்பானேன்? மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. எல்லாரும் கேமராவைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தும்மப்போகிறவர் மாதிரி நிற்பார். அதை அந்தச் சிப்பில் எழுதிக் கொடுத்தால், ஆபீசில் திறந்து பார்த்துச் சிரிப்பார். எழுதினாள். சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்க நான்கு கம்பியில் படித்தாள்.

படம் திறக்கவில்லை.

மறுபடி படித்தாள். திறக்கவில்லை. ஒற்றைக் கம்பியில் படித்துப் பார்த்தாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அழகாக நின்றார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். நான்கு கம்பியில் படித்ததில் தொடக்கத்திலேயே மூன்று எழுத்தைக் காணோம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அங்கேயும் ஒரு மூன்று. ஒவ்வொரு தடவை சிப்பிடம் கேட்கும்போதும் முதல் மூன்று எழுத்து காதில் விழாமல் போயிருக்கிறது.

அப்படியானால் நேற்று மட்டும் எப்படிப் பொருந்தியது? நேற்றுப் படித்து வைத்ததைத் திறந்தாள். முதல் வரி ஒரே எழுத்து. இரண்டாம் வரியும் அதே எழுத்து. கடைசி வரைக்கும் அதேதான். புதுப் போர்டு, புதுச் சிப். அதில் யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை. காலிச் சிப்பை எப்படிப் படித்தாலும், எங்கிருந்து படித்தாலும், நடுவில் எதை விழுங்கினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்த கணவரிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? காலிச் சட்டியில துழாவிட்டு நீ ருசி பார்த்தேன்னு சொல்லியிருக்கே" என்றார்.

"அவரும்தான் சொல்லியிருக்கார்."

"அவர் சின்னப் பிள்ளை. நீ சல்லடை."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கு யாரும் கிடைக்கவில்லை. மூன்று திருத்தம்வரை முறைப்பாக இருந்துவிட்டு நான்காவதில் இளகிவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது. வேறு எவருடைய டிரைவராக இருந்தாலும் முதலில் எதையாவது கிறுக்கி வைத்துவிட்டுத்தானே படிக்கத் தொடங்கியிருப்பாள்?

போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிடலாமா என்று நினைத்தாள். எண்ணைத் தேடக்கூடச் செய்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அறைக்குப் போய்க் குழுவுக்கு எழுதினாள். நான் சோதித்தது காலிச் சிப்பில். அந்தச் சோதனை செல்லாது. நான்கு கம்பியில் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் முதல் மூன்று எழுத்து தவறுகிறது. என் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இதை மேலே அனுப்பவேண்டாம். அனுப்பிவிட்டு, சாப்பாட்டுக்கு வேண்டியதைக் கவனிக்கப் போனாள்.

மகளும் மாப்பிள்ளையும் பதினோரு மணி வாக்கில் வந்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை என்று மின்னஞ்சலைத் திறந்தே பார்த்திருக்கவில்லை என்பது வாசலிலேயே தெரிந்துபோயிற்று. அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த மாதிரி ஒரு சாப்பாடு அந்த வீட்டில் நடந்ததில்லை. மாப்பிள்ளை வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகப் போட்டுக்கொண்டு, இந்த வீட்டுக்கே ஒரு நல்ல தொட்டில் வாங்கிவிடலாம் என்று பேசினார். கணவர் நேற்று வண்டி கற்றுக்கொள்ள வந்தவர் பிரேக்குக்குப் பதிலாக வைப்பரைப் போட்ட கதையைச் சொன்னார். அதே கதையை இன்னொரு முறையும் சொன்னார். சட்டம் போட்டவளே அதை உடைக்க முடியாமல் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்பினாள்.

மாப்பிள்ளை கைகழுவிவிட்டு வந்து துடைத்துக்கொண்டே போனைத் திறந்தார். பார்த்தார். துண்டு தோளிலேயே நின்றுவிட்டது.

"அத்தை, போர்டு எங்க இருக்கு?" என்றார்.

அவள் அறையைக் காட்டினாள். இருவரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. முதலில் அவர் நம்பவில்லை. உங்கள் கேபிள் சரியாகச் செருகாமல் இருக்கலாம் என்றார், இருக்கலாம் என்று அவள் இன்னொரு கேபிளை எடுத்துக் கொடுத்தாள். போட்டோ கோணலாக ஏறியிருக்கலாம் என்றார், ஒற்றைக் கம்பியில் படித்து அவருடைய மூடிய கண்ணைக் காட்டினாள். அவர் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போய் ஒரு வரியில் விரலை வைத்தார்.

கேள்வி கேட்டதும் சிப் உடனே பதில் சொல்லாது. கொஞ்சம் மூச்சு வாங்கும். எத்தனை துடிப்பு காத்திருக்கவேண்டும் என்று டிரைவர்தான் கன்ட்ரோலருக்குச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை அந்தக் கணக்கை ஒற்றைக் கம்பிக்குப் போட்டபடியே விட்டிருந்தார். நான்கு கம்பியில் அதே இடைவெளி கால்பங்கு நேரத்தில் முடிந்துவிடும். சிப் பேச ஆரம்பித்த பிறகும் கன்ட்ரோலர் இன்னும் வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மூன்று எழுத்து காற்றோடு போய்விட்டது.

"நானும் அழிச்சுட்டுதான் அத்தை படிச்சேன். வேகத்தை மட்டும் பார்த்துட்டேன்" என்றார்.

"நாலு கம்பி கேட்டதே நான்தான்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அவருக்குச் சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கதவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாம்மா? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, எங்களுக்குச் சோறு போட்டியா?"

"போன் பண்ணியிருந்தா அவர் உடனே திருத்தி அனுப்பியிருப்பார். நானும் உடனே சரின்னு போட்டிருப்பேன்."

"போட்டா என்ன?"

"அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

அப்பா மகளுக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பார்த்து, இப்போ சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். ஒரு வரிதான் என்றார் அவர். அந்த ஒரு வரியை அங்கேயே மாற்றி ஓட்டினார்கள். போட்டோ திறந்தது. அது போதாது என்று சிப் முழுக்கத் தாறுமாறாக எதையெதையோ நிரப்பிப் படித்தாள் அவள். ஒரு எழுத்தும் தவறவில்லை.

அதற்குள் மேஸ்திரியின் பதில் வந்திருந்தது. நேற்றுச் சரி என்று சொல்லி இன்று இல்லை என்பதை நாளைக்கு மேலே அனுப்பும் பழக்கம் எனக்கில்லை, இந்தச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டேன், ஐந்தாவது திருத்தத்தை அடுத்த சுற்றில் பார்ப்போம் என்று எழுதியிருந்தார். அவர் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனது ஆகிவிட்டது, இதையும் சொல்லிவிடலாம் என்று அவள் குழுவுக்கு இன்னொன்று எழுதினாள். இதை எழுதியவர் என் மகளின் கணவர். முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். ஐந்தாவது திருத்தத்தை வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரி, நான் உங்கள் இருவருக்கும் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஒரே வரி எழுதினார்.

மாப்பிள்ளை மறுநாள் ஆபீசுக்குப் போனதிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. வேறொருவர் அனுப்பிய மாற்றத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் நேர அட்டவணையைக்கூட ஒருமுறை பார்த்துவிட்டாள். நேராகப் போகும் வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான்.

மாலையில் மாப்பிள்ளையே வந்தார். மகளும் கூட வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்க, உட்காருங்க என்று சொல்லி, அவர் காபியைக் குடித்து முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

விஷயம் இதுதான். அவர்கள் கம்பெனியில் பொது வெளியீட்டுக்காகக் காத்திருக்காமல், அதே நான்காவது திருத்தத்தை இந்த வாரமே கருவிகளில் ஏற்றி, கடைகளுக்கு அனுப்ப எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. மாப்பிள்ளை காலையில் போனவுடன் மேலாளர் அம்மாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா முதலில் சத்தம் போட்டார். பிறகு ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டார். அடுத்த சுற்றில் டிரைவர் சேரும்வரை தற்காலிக வேலையை நீட்டித்திருக்கிறார். நிரந்தரம் இப்போதைக்கு இல்லை. டிரைவர் வேலை முடியாமல் இவரை நகர்த்த முடியாது என்று, அந்தத் தொலைதூரக் கிளைக்கு வேறு ஒருவரை அனுப்பப்போகிறார்களாம்.

"அடுத்த சுற்றுன்னா எப்போ?" என்று கணவர் கேட்டார்.

இரண்டு, இரண்டரை மாதம் ஆகும் என்றாள் அவள். சொல்லும்போதே மகளைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். வேலை என்ன ஆகுமோ அது பிறகு. பிள்ளை இங்கேதான் பிறக்கும்.

மகள் அம்மாவை உற்றுப் பார்த்தாள்.

"நிரந்தரமும் இல்லாம, ஊருக்கும் போகாம, சரியா பிரசவம் வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கே. வேணும்னே செஞ்ச மாதிரியே இருக்கும்மா."

"அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, மகள் கால்களை நீட்டி, இன்று இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறோம் என்றாள்.